ஊசி குத்தினால் பரவுமாம்!

நம் நாட்டு ஜனங்களிடையே ஒரு புது மூடநம்பிக்கை தோன்றி, பழைய மூடநம்பிக்கைகளைக் காட்டிலும் வேகமாகப் பரவி வருகின்றது. அதாவது, பெண்களின் மார்பில் கட்டி ஏதேனும் தென்பட்டால் அதில் ஊசி குத்திப் பரிசோதனை செய்துகொள்ளக் கூடாதென்றும், ஊசி பட்டால் உள்ளே சும்மா கிடந்த நோய் கலைந்து உடம்பெல்லாம் பரவிவிடுமென்றும் சொல்லப்படுகின்றது. இப்படிச் சொல்லுகிறவர்கள் பூசாரியும் கோடாங்கியும் மாத்திரமல்ல. பட்டம் பெற்றவர்கள் சொல்லுகிறார்கள். பள்ளிக்கூட உபாத்தியாயர்கள் சொல்லுகிறார்கள். கைப்பேசியில் வந்தது என்று எடுத்துக் காட்டி வீதிக்கு வீதி ஓதுகிறார்கள். பழைய மூடநம்பிக்கைக்கு விபூதி வாசனையோ சாம்பிராணி வாசனையோ இருந்தபடியால் அதைத் தூரத்திலேயே கண்டுகொள்ளலாம். இதுவோ சயன்ஸ் சட்டையை மாட்டிக்கொண்டு வருகின்றபடியால், கோயிலுக்குப் போகாதவன் வீட்டிலும் தாராளமாய் நுழைந்துவிடுகிறது. நமது கூட்டங்களில் துண்டுச் சீட்டில் கேள்வி எழுதி அனுப்பும் தோழர்களிலேயே சிலர், "கடவுள் இல்லை, சரி, ஆனால் ஊசி குத்தினால் பரவும் என்பது உண்மைதானே?" என்று கேட்கிறார்கள் என்றால், இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியது அவசியமாகின்றது.

இது வெறும் வாய்ப்பேச்சோடு போகின்ற விஷயமன்று. உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் போட்டிருக்கும் மதிப்பின்படி, 2022-ம் வருஷத்தில் மாத்திரம் இந்தியாவில் சுமார் 1,92,000 பெண்களுக்கு மார்புப் புற்றுநோய் புதிதாகக் கண்டது. அதே வருஷத்தில் சுமார் 98,000 பெண்கள் அந்த நோயால் மாண்டு போனார்கள். இரண்டு பேருக்கு நோய் காணும் நேரத்தில் ஒருத்தி சாகிறாள் என்பது கணக்கு. மேல்நாடுகளில் இந்த நோய் காணும் பெண்களின் விகிதம் நம்மைவிட அதிகம்; நோய் கண்டவர்களில் சாகின்றவர்களின் விகிதமோ நம்மைவிடக் குறைவு. அந்த நாட்டுப் பெண்களெல்லாம் போன ஜென்மத்தில் புண்ணியம் செய்தார்களா என்று கேட்கின்றோம். கட்டி சுண்டைக்காய் அளவாய் இருக்கும்போது அவர்களில் பலர் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். நம் பெண்களில் பலர் அது தேங்காய் மூடியளவு வளர்ந்து, தோல் வெடித்து, துணி நனைந்து நாற்றமெடுத்த பிறகு போகிறார்கள். வித்தியாசம் பெரும்பாலும் அவ்வளவுதான்.

வீட்டில் நடப்பது என்ன?

ஒரு பெண் குளிக்கும்போது மார்பில் கட்டி கையில் தட்டுப்படுகின்றது. வலியில்லை. வலியில்லாததால் அவள் அதைக் கெட்டதென்று நினைப்பதில்லை. இங்கேயே முதல் மோசம் ஏற்பட்டுவிடுகின்றது. ஏனெனில் மார்புப் புற்று ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. வலிக்கின்ற கட்டிகளில் பல, சீழ்க் கட்டியாகவோ மாதவிலக்கையொட்டி வரும் வீக்கமாகவோ போய்விடுவதுண்டு. வலியில்லாத கல்லுப் போன்ற கட்டிதான் அதிகக் கவனத்துக்கு உரியது. நம் ஜனங்களோ வலித்தால் நோய், வலிக்காவிட்டால் கொழுப்பு என்பதாகச் சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள்.

பிறகு அவள் அதை யாரிடம் சொல்லுவது? மாமியாரிடம் சொன்னால் பால் கட்டிக்கொண்டது என்பாள். குழந்தை பால் குடிப்பதை நிறுத்திப் பத்து வருஷமாகியிருக்கும். புருஷனிடம் சொன்னால், அறுவடை முடியட்டும், ஆடி போகட்டும், தங்கச்சி கல்யாணம் ஆகட்டும் என்பான். அந்த வீட்டிலேயே பசுமாட்டுக்கு மடி வீங்கிவிட்டதென்று வைத்துக்கொள்ளுவோம். அன்று சாயங்காலத்துக்குள் மாட்டு டாக்டர் வந்தாக வேண்டும். அறுவடை நிற்கும், ஆடியும் பார்ப்பதில்லை, அமாவாசையும் பார்ப்பதில்லை. ஏனென்றால் மாடு கறவை நின்றால் நஷ்டம் இன்ன ரூபாய் என்று எஜமானனுக்குத் தெரியும். பெண்டாட்டி செத்தால் எத்தனை ரூபாய் நஷ்டம் என்று அவன் கணக்குப் போட்டதில்லை. காரியம் முடிந்த மறு மாதமே வேறு பெண் பார்க்க ஆள் கிளம்பிவிடும் தேசத்தில் அந்தக் கணக்குக்கு அவசியமும் இல்லை போலும்.

இப்படியாக ஆறு மாதம், ஒரு வருஷம் கழித்து ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால், டாக்டர் ஊசி குத்திப் பார்க்கவேண்டும் என்கிறார். உடனே வீட்டார் எல்லோரும் விழித்துக்கொள்கிறார்கள். இத்தனை நாள் கவலைப்படாதவர்களுக்கு அன்றைக்குப் பெரிய கவலை வந்துவிடுகின்றது. "ஊசி குத்தினால் பரவிவிடுமாமே!" என்று சொல்லி அழைத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

ஊசி என்பது என்ன?

ஆஸ்பத்திரிகளில் எஃப்.என்.ஏ.சி. என்று சொல்லப்படும் இந்தப் பரிசோதனை, ஏதோ கடப்பாரையைக் கொண்டு மார்பைத் துளைப்பது போல ஜனங்களின் மனதில் உருவெடுத்திருக்கின்றது. உண்மையில் அந்த ஊசி, கையில் இரத்தம் எடுக்கின்ற ஊசியின் கனமோ அதைவிட மெல்லியதோதான். தோலை ஸ்பிரிட்டால் துடைத்து, கட்டியை இரண்டு விரலுக்கிடையே அசையாமல் பிடித்துக்கொண்டு, ஊசியை அதற்குள் செலுத்தி நாலைந்து தடவை முன்னும் பின்னும் அசைத்து எடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் மரப்பு மருந்துகூட வேண்டியதில்லை. ஊசிக்குள் ஏறிய துளியைக் கண்ணாடிச் சில்லின்மேல் விட்டு, இன்னொரு சில்லால் மெல்லத் தேய்த்து, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்க்கிறார்கள். பெண் எழுந்து ரவிக்கையை மாட்டிக்கொண்டு அன்றைக்கே வீட்டு வேலைக்குப் போய்விடலாம். ஒன்றிரண்டு இடத்தில் ஊசி பட்ட இடம் கன்றிப்போய் நாலு நாளில் மறையும்.

கண்ணாடிச் சில்லில் என்ன தெரியும் என்பதையும் சொல்லுகிறோம். நல்ல கட்டியாயிருந்தால் செல்கள் தேன்கூட்டு அறைகள் போல ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு ஒழுங்காய் இருக்கும். புற்றாயிருந்தால் அந்த ஒழுங்கு குலைந்து, செல்கள் பிரிந்து சிதறி, அவற்றின் கரு ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாய், கோணல்மாணலாய்க் கிடக்கும். ஆக, பழக்கப்பட்ட டாக்டரின் கண்ணுக்குப் படிப்பதற்கு அதில் எழுத்து இருக்கின்றது. ஜாதகக் கட்டத்திலும் எழுத்து இருக்கின்றதே என்பீர்கள். இந்தச் சில்லை அடுத்த ஊர் டாக்டரிடமும் அயல்நாட்டு டாக்டரிடமும் கொடுத்துச் சரிபார்க்கலாம். தப்பானால் தப்பென்று ஒப்புக்கொள்ளுவதற்கும் வழியிருக்கின்றது. ஜாதகத்தை அப்படிச் சரிபார்த்துத் தப்பென்று ஒப்புக்கொண்ட ஜோசியன் யாரேனும் உண்டா?

இன்னொரு வேடிக்கையையும் கவனிக்க வேண்டும். சில கட்டிகள் வெறும் நீர்க் கட்டிகளாக இருப்பதுண்டு. ஊசியைச் செலுத்தியதும் மஞ்சளாகவோ பச்சையாகவோ நீர் சிரிஞ்சுக்குள் வந்துவிடும். கட்டி அங்கேயே மறைந்துவிடும். பரிசோதனையே வைத்தியமும் ஆகிவிடுகின்றது. நீரில் இரத்தம் கலந்திருந்தாலோ, நீர் எடுத்த பிறகும் கட்டி மிச்சமிருந்தாலோ மேலே பார்க்கவேண்டும். மார்பில் கட்டி என்று வருகின்ற பெண்களில் பெரும்பாலோருக்கு இருப்பது புற்றே அல்ல. சின்ன வயதுப் பெண்களுக்கு வருவது பெரும்பாலும் கையில் அகப்படாமல் வழுக்கி ஓடும் நார்க் கட்டி. நம் நாட்டில் சிலருக்குக் காசநோய்கூட மார்பில் கட்டியாய் வருவதுண்டு. அதற்கு மாத்திரை இருக்கின்றது. இந்தப் பெண்களெல்லாம் தங்களுக்குப் புற்று என்று தாங்களே தீர்மானித்துக்கொண்டு, வெளியே சொல்லாமல், இராத்திரியெல்லாம் தூங்காமல் வருஷக்கணக்கில் மனத்துக்குள் செத்துக்கொண்டிருக்கிறார்கள். ஐந்து நிமிஷ ஊசி அவர்களை அந்த நரகத்திலிருந்து விடுவித்துவிடும். ஊசியைத் தடுக்கின்றவர்கள் இந்தப் பாதகத்துக்கும் பொறுப்பாளிகளே ஆவார்கள்.

காக்கையும் பனம்பழமும்

இனி, பரவும் என்கின்ற விஷயத்துக்கு வருவோம். இந்தப் பேச்சு எப்படிப் பிறந்தது என்று யோசித்துப் பார்த்தால் அதன் யோக்கியதை விளங்கிவிடும். கட்டி முற்றி, அக்குளில் நெறி கட்டி, எலும்புக்கும் ஈரலுக்கும் நோய் போய்ச் சேர்ந்த பிறகு ஒருத்தியைக் கொண்டுபோகிறார்கள். டாக்டர் ஊசி குத்திப் பார்த்துப் புற்று என்று சொல்லுகிறார். அவள் ஆறு மாதத்தில் இறந்துவிடுகிறாள். ஊரார், "நன்றாய் நடமாடிக்கொண்டிருந்தாள், ஊசி குத்தினார்கள், போய்விட்டாள்" என்கிறார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இது. பழம் பழுத்து எத்தனை நாளாயிற்று என்று ஒருவரும் கேட்பதில்லை. கொலை நடந்த வீட்டுக்குப் போலீசார் வந்ததைப் பார்த்தவன், போலீசார் வந்ததால்தான் கொலை நடந்தது என்று சாட்சி சொன்னால் எந்தக் கோர்ட்டாவது ஏற்குமா?

புற்று பரவுவதற்கு ஊசி வரட்டும் என்று காத்துக்கொண்டிருப்பதில்லை. இரத்தக் குழாய் வழியாகவும் நிணநீர்க் குழாய் வழியாகவும் தானே பரவுவதுதான் அதன் குணம். அந்தக் குணம் இருப்பதால்தான் அதற்குப் புற்று என்று பெயர். ஊசி போன தடத்தில் சில செல்கள் ஒட்டிக்கொள்வது உண்டா என்று கேட்டால், உண்டு என்பதை நாம் மறைக்கவில்லை. டாக்டர்களே அதைத் தேடிப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். கனமான ஊசிகளில் அது அதிகம் காணப்படுகின்றது. மெல்லிய ஊசியில் அது தனிக் கட்டியாய் வளர்வது மிக மிக அபூர்வம். அப்படி ஒட்டினவற்றிலும் பெரும்பாலானவை தாமே மடிந்துபோகின்றன. பின்னால் நடக்கின்ற ஆப்பரேஷனும் கதிர் வைத்தியமும் மருந்தும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளுகின்றன. மார்பில் ஊசி குத்திக்கொண்டதால் ஆயுள் குறைந்தது என்று ஆராய்ச்சிகள் காட்டவில்லை. ஊசி குத்திக்கொள்ளாமல் ஒரு வருஷம் வீட்டிலிருந்தவளின் ஆயுள் என்னவாகும் என்பதற்கோ ஆராய்ச்சி தேவையில்லை. சுடுகாட்டுக்குப் போய்ப் பார்த்தால் போதும்.

தவிரவும், எந்த உறுப்பில் ஊசி குத்தக்கூடாது என்பதை டாக்டர்களே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். உதாரணமாக, ஆண்களின் விதையில் புற்று என்று சந்தேகித்தால் விதைப்பையின் வழியாக ஊசி செலுத்துவதை அவர்கள் தவிர்க்கிறார்கள். கெடுதல் இருக்கும் இடத்தில் கெடுதல் என்று சொல்லுகிறவர்கள், மார்பில் மாத்திரம் உண்மையை ஒளித்து வைக்கிறார்களா? அதனால் அவர்களுக்கு என்ன லாபம்?

ஊசி வருவதற்கு முன்

ஊசியை வைகின்றவர்கள், அது இல்லாத காலத்தில் பெண்கள் பட்ட பாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஃபானி பர்னி என்ற இங்கிலீஷ் நாவலாசிரியைக்கு 58 வயதில் மார்பில் கட்டி கண்டது. 1811-ம் வருஷம் செப்டம்பர் 30-ந் தேதி பாரிஸ் நகரில், நெப்போலியன் சேனையின் பெரிய ரண வைத்தியரான லாரே என்பவரும் அவருடைய கூட்டத்தாரும் அந்த அம்மாளைப் படுக்க வைத்து, முகத்தின்மேல் ஒரு மெல்லிய கைக்குட்டையைப் போட்டு, மயக்க மருந்து என்பதே இல்லாமல் மார்பை அறுத்து எடுத்தார்கள். மயக்க மருந்து வைத்து ஆப்பரேஷன் செய்வது உலகத்துக்கு வெளியானது 1846-ல்தான். கத்தி எலும்பைச் சுரண்டுவதை உணர்ந்த அந்த அம்மாள், பிறகு தம் சகோதரிக்கு அதையெல்லாம் கடிதமாய் எழுதி வைத்தார். அதன் பிறகு 28 வருஷம் உயிரோடிருந்து 1840-ல் இறந்தார். அவருக்கு இருந்தது புற்றுதானா, அல்லது ஒன்றுமில்லாத சாதாரணக் கட்டிதானா என்பதை இன்று யாராலும் நிச்சயமாய்ச் சொல்லமுடியாது. அறுப்பதற்கு முன் உள்ளே என்ன இருக்கின்றதென்று கேட்டுப் பார்க்க அன்றைக்கு ஊசி இல்லை. கேட்டாலும் பதிலைப் படிக்கத் தெரிந்தவர் இல்லை.

மயக்க மருந்து வந்த பிறகும் பெண்ணுக்கு முழு விடுதலை வந்துவிடவில்லை. அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் என்ற டாக்டர் 1880-களிலிருந்து மார்பையும், அதற்கடியிலுள்ள சதையையும், அக்குள் நெறிகளையும் சேர்த்து வழித்தெடுக்கும் முறையைப் பிரபலப்படுத்தினார். பிற்பாடு, பெண்ணுக்கு மயக்கம் கொடுத்து, கட்டியை வெட்டி, உறையவைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்து, புற்றாயிருந்தால் அவள் விழிக்கும் முன்னமேயே மார்பையும் எடுத்துவிடும் வழக்கம் ஏற்பட்டது. அதாவது ஒரு பெண் மேஜையில் படுக்கும்போது, எழுந்திருக்கையில் தனக்கு மார்பு இருக்குமா இருக்காதா என்று தெரியாமலே படுக்க வேண்டும். அவளைக் கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. அந்த நாட்டுப் பெண்களே கிளர்ச்சி செய்து, 1979-ல் அமெரிக்க அரசாங்கத்தின் சுகாதார நிலையம் கூட்டிய மகாநாட்டில், பரிசோதனை வேறு, ஆப்பரேஷன் வேறு என்று பிரித்துச் செய்யவேண்டும் என்பதாக முடிவு சொல்லப்பட்டது.

இந்த இடத்தில்தான் ஊசியின் பெருமை விளங்குகின்றது. நியூயார்க்கில் மார்ட்டின், எல்லிஸ் என்ற இருவர் 1930-லேயே கட்டியில் ஊசி செலுத்திச் செல்களை எடுத்துப் பார்ப்பதைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் நாட்டாரே அதை அதிகம் மதிக்கவில்லை. 1950-களிலும் 60-களிலும் ஸ்வீடன் தேசத்து ஸ்டாக்ஹோம் நகரில் பிரான்சேன், ஸாயிசெக் முதலிய டாக்டர்கள் மெல்லிய ஊசியைக் கொண்டு ஆயிரக்கணக்கானவர்களைப் பரிசோதித்து, முறையைச் செப்பனிட்டு உலகத்துக்குக் கொடுத்தார்கள். ஆகவே ஒரு பெண் கத்திக்குப் போகுமுன், தன் உடம்பில் என்ன இருக்கின்றதென்று விழித்த கண்ணோடு தெரிந்துகொண்டு, யோசித்து, இன்னொரு டாக்டரையும் கேட்டு, எது வேண்டும் என்று தானே சொல்லும்படியான நிலைமையை உண்டாக்கினவற்றில் இந்த மெல்லிய ஊசியும் ஒன்று. சிறிய கட்டியாயிருந்தால் கட்டியை மாத்திரம் எடுத்துக் கதிர் வைத்தியம் செய்வதும், முழு மார்பையும் எடுப்பதும், ஆயுளைப் பொறுத்தவரை ஒன்றுதான் என்பது 1980-களிலேயே பெரிய ஆராய்ச்சிகளால் ருஜுவாகிவிட்டது. சீக்கிரம் போகின்றவளுக்கு மார்பும் மிஞ்சும், உயிரும் மிஞ்சும்.

வெட்கம் யாருக்கு?

"பெண் பிள்ளை மார்பைத் திறந்து ஆண் டாக்டரிடம் காட்டுவதா?" என்று கேட்கின்ற மானஸ்தர்களுக்குச் சில கேள்விகள். உங்கள் கோபுரங்களில் நிற்கின்ற பொம்மைகளுக்கு ரவிக்கை உண்டா? உங்கள் புராணங்களிலும் ஸ்தோத்திரங்களிலும் தேவியின் மார்பை மலை என்றும் குடம் என்றும் வர்ணிக்காத பக்கம் எத்தனை? அதைக் கூட்டம் போட்டு, மைக் வைத்து, பெண்களையும் உட்கார வைத்துக்கொண்டு பாடும்போது வராத வெட்கம், உயிர் போகின்ற நோயை டாக்டரிடம் காட்டும்போது எங்கிருந்து வந்து குதிக்கின்றது? ஒரு முலையைத் திருகி எறிந்து மதுரையைக் கொளுத்தியவளுக்குக் கோயில் எடுத்ததாகக் காவியம் எழுதிப் பத்தினித் தெய்வம் என்று கொண்டாடுகிறீர்கள். தன் மார்பில் கட்டி இருக்கின்றது என்று வாய் திறந்து சொல்லுகின்ற பெண்ணை மாத்திரம் மானங்கெட்டவள் என்கிறீர்கள்.

சீர்காழிக்கு அருகில் வைத்தீசுவரன் கோயில் என்று ஒன்றிருக்கின்றது. அங்குள்ள சுவாமிக்கு வைத்தியநாதன் என்று பெயர். 4448 வியாதிகளையும் தீர்ப்பவர் என்று பெருமை. உப்பும் மிளகும் கொட்டலாம். நோய் கண்ட அவயவத்தை வெள்ளித் தகட்டில் வாங்கி உண்டியலில் போடலாம். பிரசாத உருண்டையைத் தின்னலாம். அதே ஊரில் உங்கள் ஆயுளை ஓலைச்சுவடியில் பார்த்துச் சொல்லுகிறவர்களும் வரிசையாய்க் கடை வைத்திருக்கிறார்கள். வைத்தியநாதன் சந்நிதியிலேயே ஆயுள் பார்க்கும் கடைக்கு இத்தனை கிராக்கி இருக்கும்போது, சுவாமியின் வைத்தியத்தில் பக்தர்களுக்கே எவ்வளவு நம்பிக்கை என்பது தெரிகின்றதல்லவா? அர்ச்சகருக்கு நெஞ்சு வலித்தால் அவர் எந்த உருண்டையைத் தின்னுகிறார்?

இந்துக்களை மாத்திரம் சொல்லுவதாய்க் கிறிஸ்தவ நண்பர்கள் சந்தோஷப்பட வேண்டாம். கத்தோலிக்கருக்கு மார்பு நோய்க்கென்றே அகத்தாள் என்று ஒரு புனிதை இருக்கிறாள். சிசிலித் தீவில் அவளுடைய மார்புகளை அறுத்துச் சித்திரவதை செய்தார்கள் என்றும், இராயப்பர் சிறைக்குள் தோன்றி அதை ஆற்றினார் என்றும் கதை. வேளாங்கண்ணியிலும் அவயவத் தகடு விற்கின்றது. முகம்மதிய நண்பர்கள் தர்காவில் ஓதி ஊதிய தண்ணீர் வாங்குகிறார்கள். கட்டிக்கு மதம் கிடையாது. மூன்று மதத்துப் பெண்களும் ஒரே வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில்தான் கிடக்கிறார்கள்.

பூசாரிக்கு அடுத்தபடி விளம்பரக்காரன். "ஆப்பரேஷன் இல்லாமல், ஊசி இல்லாமல் கட்டி கரையும்" என்று சுவரில் எழுதுகிறான். இப்போது கைப்பேசியிலும் காட்டுகிறான். புற்றுநோயைத் தீர்ப்பதாக மருந்தோ மந்திரமோ விளம்பரம் செய்வது 1954-ம் வருஷத்துச் சட்டப்படி குற்றமாகும். சட்டம் தூங்குகின்றது, பெண்கள் சாகிறார்கள். ஊசி குத்தினால் பரவும் என்ற புரளியால் யாருடைய கல்லாப்பெட்டி நிரம்புகின்றதென்று பார்த்தால், அதை யார் விசிறிவிடுகிறார்கள் என்பதும் சுலபமாய்த் தெரிந்துவிடும்.

பூர்வ ஜென்ம பாவம் என்கின்ற வேதாந்திகளுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்த நோய் நூற்றில் ஒன்று என்ற அளவில் ஆண்களுக்கும் வருகின்றது. வேதாந்திகளும் குளிக்கும்போது தங்கள் மார்பைத் தடவிப் பார்த்துக்கொள்ளுவது நல்லது.

ஊசியையும் கும்பிட வேண்டாம்

நிற்க. பகுத்தறிவுக்காரன் ஒரு விக்கிரகத்தை இறக்கிவிட்டு அந்தப் பீடத்தில் ஊசியை ஏற்றி வைக்கக்கூடாது. ஊசிக்கும் குறைகள் உண்டு. அது கட்டியின் ஓரத்தில் பட்டு, உண்மையான இடத்தைத் தவறவிட்டு, ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம். எடுத்த செல்கள் படிப்பதற்குப் போதாமல் போகலாம். புற்று தன் சுவருக்குள்ளேயே இருக்கின்றதா, சுவரை உடைத்துக்கொண்டு வெளியேறிவிட்டதா என்பதை மெல்லிய ஊசியால் சொல்ல முடியாது. அது செல்களைக் கொண்டுவருகின்றதே தவிர, அவை இருந்த வீட்டைக் கொண்டுவருவதில்லை. எந்த மருந்து கேட்கும் என்று முடிவு செய்வதற்கான சோதனைகளுக்கும் பல சமயம் சதைத் துண்டே வேண்டியிருக்கின்றது. ஆகவேதான் இப்போது பல ஆஸ்பத்திரிகளில் மரப்பு மருந்து போட்டு, கொஞ்சம் கனமான ஊசியால் நூல் போன்ற சதைத் துண்டை எடுக்கிறார்கள். அதைச் சொன்னாலும் பயப்பட வேண்டியதில்லை.

முக்கியமாகக் கவனிக்க வேண்டியது என்னவென்றால், டாக்டரின் கை, படம் எடுக்கும் யந்திரம், ஊசி ஆகிய மூன்று சாட்சிகளும் ஒத்துச் சொல்ல வேண்டும். மூன்றும் ஒன்றுமில்லை என்றால் நிம்மதியாய் இருக்கலாம். ஒன்று மாறிச் சொன்னாலும் மேலே விசாரிக்க வேண்டும். ஊசி நல்லது என்று சொல்லி, கையோ படமோ கெட்டது என்று சொன்னால், ஊசியின் வார்த்தையை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடக்கூடாது. டாக்டர் போகச் சொன்னாலும் ஏன் என்று கேட்க வேண்டும். செல்களைப் படிக்கின்றவர்கள் தங்கள் முடிவை, போதவில்லை, நல்லது, மாறுதலானது, சந்தேகமானது, புற்று என்று ஐந்து வகையாய்ப் பிரித்து எழுதும் முறை ஒன்று யோகொஹாமா என்ற பெயரில் வழக்கத்துக்கு வந்திருக்கின்றது. தெரியாததைத் தெரியவில்லை என்று எழுதுவதற்கு அதில் தனி வரிசையே வைத்திருக்கிறார்கள். எந்த வேதத்திலாவது அப்படியொரு வரிசை உண்டா?

டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கின்றது. பத்துப் பேர் பார்க்கும் இடத்தில் திரை இல்லாமல் ஒரு பெண்ணை ரவிக்கையைக் கழற்றச் சொல்லுவது, என்ன செய்யப் போகிறோம் என்று தமிழில் சொல்லாமல் ஊசியை எடுப்பது, ரிப்போர்ட்டைப் புருஷன் கையில் கொடுத்து அவனிடம் இங்கிலீஷில் பேசுவது ஆகிய இவையெல்லாம் புரோகிதத்தனமேயாகும். மந்திரம் புரியாததால் அய்யருக்கு மரியாதை. ரிப்போர்ட் புரியாததால் டாக்டருக்கு மரியாதை என்று வைத்துக்கொண்டால், ஜனங்கள் புரளிக்குக் காது கொடுப்பதில் ஆச்சரியமென்ன? ஒரு நர்ஸ் பக்கத்தில் நின்று இரண்டு நிமிஷம் விளக்கினால் பாதிப் பயம் போய்விடும். பம்பாயில் டாட்டா புற்றுநோய் ஆஸ்பத்திரியார் 1998-ல் தொடங்கி, 35 வயது முதல் 64 வயது வரையுள்ள சுமார் ஒன்றரை லட்சம் ஏழைப் பெண்களை வைத்து 20 வருஷம் ஓர் ஆராய்ச்சி நடத்தினார்கள். அவர்களில் ஒரு பாதிப் பேரை, பயிற்சி பெற்ற சுகாதார ஊழியப் பெண்கள் இரண்டு வருஷத்துக்கொரு தடவை கையாலேயே தடவிப் பார்த்தார்கள். 2021-ல் வெளியான முடிவின்படி, அப்படிப் பார்க்கப்பட்ட 50 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் இந்த நோயால் ஏற்பட்ட சாவு 100-க்குச் சுமார் 30 குறைந்திருந்தது. அதற்குக் குறைந்த வயதினரில் அப்படிப்பட்ட பலன் தெரியவில்லை என்பதையும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். குடிசைக்குப் போய்க் கையால் பார்த்ததற்கே இவ்வளவு பலன் என்றால், பெண் தானாக வந்து கட்டி என்று சொன்ன பிறகும் அவளை ஊசிக்கு அனுப்பாமல் இருப்பது எவ்வளவு பெரிய அக்கிரமம்?

நம் நாட்டில் இதற்கு வழி காட்டினவரும் ஒரு பெண்ணே. புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்து, வைத்தியம் படித்து, சென்னைச் சட்டசபையின் உபதலைவராயிருந்து, கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கப் பாடுபட்ட டாக்டர் முத்துலட்சுமி அம்மையார், தம் தங்கை புற்றுநோயால் இறந்ததைக் கண்ணால் கண்டவர். அந்த அம்மையார் முயன்றதால்தான் 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி ஏற்பட்டது. பொட்டுக்கட்டுவதை ஒழிக்கக்கூடாது என்று சாஸ்திரம் காட்டின கூட்டத்தாரின் வீட்டுப் பெண்களுக்கும் அந்த ஆஸ்பத்திரியின் கதவு திறந்துதான் இருக்கின்றது.

கடைசியாக, கல்யாணமாகாத பெண்ணைப் பெற்றவர்கள் சொல்லும் ஓர் ஆட்சேபணை பாக்கியிருக்கின்றது. "ஊசி குத்தினால் தழும்பு விழும், விஷயம் வெளியே தெரிந்தால் மாப்பிள்ளை கிடைக்கமாட்டான்" என்கிறார்கள். மெல்லிய ஊசியால் தழும்பு விழுவதில்லை. இருபது வயதுப் பெண்ணுக்கு இருப்பது அநேகமாய் நார்க் கட்டியாகவே இருக்கும். நார்க் கட்டிதான் என்று ஊசியும் படமும் சொல்லிவிட்டால், சிறியதாயிருக்கும் பட்சத்தில் வெட்டாமலே விட்டு வைத்து அவ்வப்போது பார்த்துக்கொண்டு வரலாம். வெட்டினால்தான் தழும்பு. ஆக, தழும்புக்குப் பயந்து ஊசியைத் தள்ளுகிற தகப்பனார் பெண்ணைத் தழும்பை நோக்கித்தான் தள்ளுகிறார். செவ்வாய் தோஷத்தை மறைப்பதற்கு ஜோசியனுக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்து வேறு ஜாதகம் எழுதி வாங்கத் தெரிந்த அவருக்கு, மகளைச் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் ஒரு காலை நேரம் வரிசையில் நிற்க மாத்திரம் ஏன் முடியவில்லை என்று கேட்கின்றோம்.